கோழிக்கூட்டிலிருந்து தறிக்கு ஒரு நூல்

காலையில் கோழிக்கூட்டின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் அந்த வெதுவெதுப்பான வாடையை யாராவது நாற்றம் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். இரவெல்லாம் அடைந்து கிடந்த இறகின் சூடு, ஈரத் தவிடு, தரையில் தூவிய அடுப்புச் சாம்பல், இவற்றோடு எங்கள் வீட்டுக்கே உரிய இன்னொன்றும் அதில் கலந்திருக்கும். அது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஏற்றிய கஞ்சியின் புளித்த வாசம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கஞ்சிவாசம்தான் முதலில் வந்து வாங்க என்று கூப்பிடும். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வருடம் கோழிவாசம் அதை முந்திக்கொண்டு வந்தது. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் நாங்கள் புழங்கும் அறைகள், நடுவில் விசைத்தறிகள் ஓடும் கூடம், அதைத் தாண்டினால் 'பொறவாசல்' என்று நாங்கள் சொல்லும் கொல்லை. காலையில் தறியைப் போட்டால் பொழுது சாயும்வரை தடக்கு தடக்கு என்று சுவரே ஆடும். அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்த எங்களுக்குப் பேச்சு என்பது பாதி வாய், பாதி கை. சாப்பிட வா என்பதற்கு ஒரு கையசைப்பு, ஆள் வந்திருக்கிறது என்பதற்கு ஒன்று, அடி வாங்கப் போகிறாய் என்பதற்கு ஒன்று. வாயைத் திறந்தால் தெருமுனைவரை கேட்கிற மாதிரிதான் எனக்குப் பேச வரும். 'ஏட்டி கோமதி, நான் பக்கத்துலதான நிக்கேன்' என்று டீச்சர் காதைப் பொத்திக்கொள்வார். அவர் அப்படிச் சொல்லும்போது வகுப்பில் இருந்த மற்ற கோமதிகளும் திரும்பிப் பார்ப்பார்கள். கோமதி அம்மன் குடியிருக்கும் ஊரில் வேறு எப்படி இருக்கும்?

அக்காவை வாசுதேவநல்லூரில் கொடுத்திருந்தோம். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்ததும் அம்மா பலகாரம் சுட்டு அடுக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். விருந்தெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வெற்றிலை போடும் நேரத்தில் அக்காவின் மாமியார், அந்த அத்தை, சிரித்த முகமாகவே ஒன்றைச் சொன்னார்.

"மதினி, மொதப் பிரசவம் ஒங்க வீட்டுலதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா பத்தியத்துக்கு வீட்டுல வளந்த விடைக்கோழியா இருக்கணும். ஒங்க ஊருல கடைக்கோழிதான கெடைக்கும்? சொல்லி விடுங்க, நாங்க இங்கன இருந்து குடுத்து விடுதோம்."

விடைக்கோழி என்றால் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. பிள்ளை பெற்றவளுக்கு அதன் சாறுதான் உடம்பைத் தேற்றும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ்ஸில் வாயே திறக்காமல் வந்தவள், ஊரில் இறங்கி, சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்: "எம்பிள்ளைக்கு எங்கையால வளத்து எங்கையால ஆக்கிப் போடலைன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!"

அம்மா பிறந்ததும் தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. கோழியைச் சட்டியில் பார்த்திருக்கிறாளே தவிர, தரையில் வைத்து வளர்த்தது கிடையாது. 'கோழிக்கு எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் வாலுன்னாவது தெரியுமாட்டி ஒனக்கு?' என்று அப்பா கேலி செய்தாலும், பழைய தறியின் பலகைகளைப் பிரித்து ஒரு கூடு அடித்துக் கொடுத்துவிட்டார். பனவடலிசத்திரத்தில் அவருக்குத் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஓர் அடைக்கோழியும், அதன் வயிற்றுக்குக் கீழே வைக்க முட்டைகளும், குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுவதற்கு 'பஞ்சாரம்' என்னும் பெரிய மூங்கில் கூடையும் வந்து இறங்கின. முட்டைகள் ஏறக்குறைய எல்லாமே பொரித்தன. அம்மாவுக்கு வந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா, தெருவில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் அவள் அதைக் கோழிக்குஞ்சில் கொண்டுவந்து முடித்துவிடுவாள்.

முதலில் வந்த எதிரி பருந்து. வானத்தில் ஒரு நிழல் வட்டமடிக்கும், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு குஞ்சு மேலே போய்விடும். அப்பா தறியில் மிஞ்சிய கழிவு நூலையெல்லாம் எடுத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, கொய்யா மரத்திலிருந்து கக்கூஸ் கூரைக்கு என்று கொல்லை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, வானமே கட்டம் போட்ட சேலை மாதிரி ஆகிவிட்டது. பருந்து மேலேயே சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது, காக்காயும் கிட்டே வரவில்லை. ஆனால் குஞ்சுகள் குறைவது மட்டும் நிற்கவில்லை. இறகு உதிர்ந்திருக்காது, ரத்தம் சிந்தியிருக்காது, காலையில் பார்த்த குஞ்சு மத்தியானம் இருக்காது.

'பாம்புதான்' என்றாள் அம்மா. எங்கள் ஊரில் பாம்பென்றால் கம்பை எடுக்க மாட்டார்கள், கோவிலுக்குப் போவார்கள். பாம்பு, தேள் உருவம் பதித்த தகடுகளைச் சன்னதித் தெருவில் விற்பார்கள். அதை வாங்கி உண்டியலில் போட்டு வேண்டிக்கொண்டால் அவற்றின் தொல்லை அண்டாது. அம்மா பாம்புத் தகடு போட்டு, புற்றுமண் எடுத்துவந்து தண்ணீரில் கரைத்துக் கூட்டைச் சுற்றித் தெளித்தாள். அடுத்த வாரமும் குஞ்சு போனது. 'அப்ப தேளா இருக்குமோ?' என்று அப்பா கேட்டதற்கு அவர் அன்றைக்கு ஆறின சோறுதான் சாப்பிட வேண்டியிருந்தது.

பிறகு பழி சுல்தான் தலையில் விழுந்தது. சுல்தான் பக்கத்து வீட்டு மைமூன் பெரியம்மாவின் பூனை; பழுப்பு நிறத்தில் கொழுகொழுவென்று, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரின் மேல் நடப்பதையே உத்தியோகமாகக் கொண்டது. பெரியம்மாவின் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார், பிள்ளைகள் கிடையாது, பூனைதான் பெரியம்மாவுக்குப் பிள்ளை. அம்மா சுவரோரம் நின்று கேட்டேவிட்டாள்.

"படச்ச ரப்பே! எஞ் சுல்தானையா களவாணின்னு சொல்லுதே? மீனையே நான் முள்ளெடுத்துக் குடுத்தாத்தான் அது திங்கும்!"

அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுக்கத் தறிச் சத்தத்தில் நடந்தது. ஒருவர் சொன்னதில் பாதி மற்றவருக்குக் கேட்கவில்லை, கைகள்தான் அதிகம் பேசின. அதனால்தான் பின்னால் அவ்வளவு எளிதாக ராசியானார்கள் என்று நினைக்கிறேன். பெரியம்மா ரோஷக்காரர். மறுநாள் காலையிலேயே சுல்தானின் கழுத்தில் துணிக்கயிற்றைக் கட்டி, எங்கள் கண்ணுக்குத் தெரியும்படி முற்றத்துத் தூணில் கட்டிப் போட்டுவிட்டு, "இனி ஒங்குஞ்சு போச்சுன்னா யாரச் சொல்லுதேன்னு பாக்கேன்" என்றார். சுல்தான் நாள் முழுக்கக் கட்டுண்டு கிடந்து அழுதது. அன்றைக்கும் ஒரு குஞ்சு போனது. அம்மா கடைக்குப் போய்ச் சாளை மீன் வாங்கி, சுல்தானுக்கென்று அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து பெரியம்மாவும் எங்கள் காவல் படையில் சேர்ந்துகொண்டார்.

காவல் படை என்று பெருமையாகச் சொல்கிறேனே, நாங்கள் காத்த லட்சணத்தைக் கேளுங்கள். பகலில் கரண்ட் போகும், தறிகளெல்லாம் ஒன்றாக நிற்கும், ஊரே அமைதியாகும். அந்த அமைதியில் தாய்க்கோழி தொண்டை கிழியக் கத்துவது கேட்கும். ஆக, கரண்ட் போகும் நேரம் பார்த்துத்தான் கள்ளன் வருகிறான் என்று முடிவு கட்டினோம். விளக்கு அணைந்த மறுநொடி அப்பா கம்போடும், அம்மா விளக்குமாற்றோடும், நான் வெறுங்கையோடும் புறவாசலுக்கு ஓடுவோம். சுவருக்கு மேல் பெரியம்மாவின் தலை எழும்பும். அங்கே ஒன்றும் இருக்காது, கோழி மட்டும் நிமிர்ந்து நின்று கத்திக்கொண்டிருக்கும். நாங்கள் வருவது தெரிந்து ஓடிவிட்டது என்று சந்தோஷமாகத் திரும்பி வருவோம்.

ஏழாம் மாதம் அக்காவுக்கு வளையல் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்ததால், கொய்யா மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, பகலெல்லாம் அக்கா அங்கேதான் இருந்தாள். அவள் வந்த பிறகு முதல்முறை கரண்ட் போனபோது நாங்கள் கம்பும் விளக்குமாறுமாகப் பாய்ந்து வந்ததைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, அது முட்ட போட்டுருக்கும்மா. முட்ட போட்டா கோழி கத்தாதா? எங்க மாமியா வீட்டுல தெனமும் காலையில இதுதான பாட்டு!"

அம்மா கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். முட்டை சூடாக இருந்தது. "முட்டைக்கா இம்புட்டுக் கூப்பாடு?" என்று அவள் கேட்டபோது அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாளும் நாங்கள் கள்ளன் என்று எண்ணி ஓடியது முட்டைக்குத்தான். கரண்ட் இருக்கும்போதும் அது கத்தித்தான் இருக்கிறது. எங்கள் காதில் விழவில்லை.

கள்ளன் யார் என்பதையும் அக்காதான் கண்டாள். தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், புறவாசலுக்குப் பின்னால் முள்மரங்கள் அடர்ந்திருந்த உடங்காட்டிலிருந்து ஒரு கீரி சாவகாசமாக வந்து, கூட்டின் பின்பலகைக்கு அடியில் இருந்த சந்துக்குள் புகுந்து, பாதி வளர்ந்த கோழி ஒன்றைக் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. அக்கா கத்தினாள். அம்மா என்றாள், அப்பா என்றாள், என் பெயரைச் சொன்னாள், மைமூன் பெரியம்மா என்றாள். நாங்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தோம். கடைசியில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, தறிக்கூடத்தின் வாசலில், முகமெல்லாம் வேர்த்து, அப்பாவின் எதிரே நின்றாள். அப்பா எல்லாத் தறிகளையும் நிறுத்தினார்.

"எம்புட்டு நேரம் கத்துனேன் தெரியுமாப்பா? ஒருத்தருக்கும் கேக்கலையே!"

 அம்மா கையிலிருந்த, நூல் சுற்றிய தார்க்குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கோழி கெடக்கட்டும், எழவு. அந்நேரம் ஒனக்கு வலி வந்துருந்தா?" என்று கேட்டாள். புறவாசலில் இருந்தாலும் முன்னறையில் இருந்தாலும் தறிக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அம்மாவும் தறியைப் பார்த்தால்தான் அடுப்பெரியும் என்பதால், பகலெல்லாம் அவளை அக்காவின் கட்டிலருகே உட்கார்த்தி வைக்கவும் முடியாது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று முன்வந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

வழி பிறந்தது அம்மாவின் கோபத்தில். மறுபடி தறியைப் போட்டதும், நடுவில் ஒரு தறியில் ஊடை நூல் அறுந்து அது நின்றது. கூடத்தின் இந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அப்பா சட்டென்று திரும்பி அதை நோக்கி ஓடினார். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பெத்த மக தொண்ட கிழியக் கத்துனா கேக்காது, ஒரு தறி நின்னா மட்டும் கேட்ருமாக்கும்!"

அப்பா ஓடின கால் நின்று அவளையே பார்த்தார். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தறிக்காரன் காதில் சத்தம் விழாது, ஆனால் ஓடுகிற தறிகளில் ஒன்று நின்றால், தூக்கத்திலிருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். குறுக்கே ஓடும் ஊடை நூல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் தொட்டுப் பார்க்கத் தறியிலேயே சின்ன முள் ஒன்று உண்டு; நூல் தட்டுப்பட்டால் முள் அசையும், தட்டுப்படாவிட்டால் அசையாது, தறி தானாக நின்றுவிடும். அப்பா நூலைப் பல புரியாக முறுக்கி, ஒரு முனையை அந்த முள்ளில் கட்டி, சன்னல் வழியாக, வளையங்களில் கோத்து, கோழிக்கூட்டின் பின்சந்தை அடைக்காமல், கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்க அங்கே ஒரு தட்டி வைத்து, அதில் மறுமுனையைக் கட்டினார். கீரி தட்டியைத் தள்ளினால் நூல் முள்ளை இழுத்துப் பிடிக்கும், முள் அசையாது, தறி நிற்கும். அதே நூலிலிருந்து ஒரு கிளை பிரிந்து அக்காவின் கட்டில் காலுக்குப் போனது. "வலின்னா இழு, கீரின்னா இழு. வேற எதுக்கும் இழுத்துராத" என்றார்.

முதல் சில நாட்கள் தறி நின்றபடியே இருந்தது. சுல்தானுக்கு அந்த நூலைக் கண்டால் குஷி, தாவித் தாவிப் பிடித்து விளையாடும். கோழிகள் இடித்தாலும் நிற்கும். ஒருநாள் எல்லாரும் மூச்சிரைக்க ஓடினால், அக்கா கட்டிலில் சாய்ந்தபடி, "ஒரு மாங்கா கீறி உப்புப் போட்டுத் தாயேன்" என்றாள். 'இது என்ன ஓட்டல் மணியாட்டி?' என்று அப்பா திட்டினாலும், மாங்காய் வாங்கப் போனது அவர்தான்.

கீரி திரும்ப வந்தது. தறி நின்றது, நாங்கள் ஓடினோம், எங்கள் தறி நின்றது பெரியம்மாவுக்கும் தெரிந்து அவரும் சுவரேறினார். கீரி ஒரு விடைக்கோழியை இறக்கையில் கவ்விக்கொண்டு பாதி வெளியே வந்திருந்தது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று அது எதிர்பார்க்கவில்லை போலும். கோழியை விட்டுவிட்டு, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடங்காட்டுக்குள் நுழைந்தது. அம்மா எறிந்த விளக்குமாறு அப்பாவின் மேல் விழுந்தது. அன்றைக்கே பழைய தறியின் இரும்புப் பட்டையை வைத்துச் சந்தை அடைத்தார்கள். "நல்லவேள, கீரிக்குத் தகடு விக்கல" என்று அப்பா சொன்னபோது அம்மாவே சிரித்துவிட்டாள். நூலை மட்டும் அவிழ்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் பத்து மணி வெயிலில் தறி நின்றது. வழக்கம்போல் கம்பு, வழக்கம்போல் விளக்குமாறு, சுவருக்கு மேல் பெரியம்மா. அப்பா நேரே கூட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்து, "பட்ட இருக்கு, தட்டி இருக்கு, எங்கனட்டி போச்சு அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா நூலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "கீரி இல்லப்பா. எனக்கு" என்றாள்.

கம்பு ஒரு பக்கம் விழுந்தது, விளக்குமாறு ஒரு பக்கம் விழுந்தது. மைமூன் பெரியம்மா சுவர் தாண்டிக் குதித்தே வந்துவிட்டார். அவர் உடம்புக்கு அது எப்படி முடிந்தது என்று பின்னால் அவருக்கே தெரியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்துக்குள் பெண் பிள்ளை பிறந்துவிட்டது. 'இன்னுங் கொஞ்சம் தாமதிச்சிருந்தீங்கன்னா கட்டில்லயே பொறந்துருக்கும்' என்று நர்ஸம்மா சொன்னாராம். அப்பா வெளியே வந்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்று எல்லாரிடமும் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்தியத்துக்கு அம்மா தன் கோழியைத்தான் ஆக்கிப் போட்டாள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட சாற்றில் தெருவே மணத்தது. கோழியை அறுத்தபோது நான் அழுதேன், அப்புறம் ஈரல் எனக்குத்தான் வேண்டும் என்று சண்டை போட்டேன். கீரி கவ்விய கோழியை மட்டும் அறுக்கவிடவில்லை. அது ஒரு இறக்கை தொங்க வெகுகாலம் முட்டையிட்டுக்கொண்டு திரிந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த வாசுதேவநல்லூர் அத்தைக்கும் அம்மா சாறு ஊற்றி, எதிரிலேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தை இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டினார். அம்மாவுக்கு அது போதும்.

இப்போது எங்கள் வீட்டில் தறிகள் இல்லை. ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. உடங்காடு இருந்த இடத்தில் பிளாட் போட்டு வீடுகள் வந்துவிட்டன, கீரி எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. அக்கா வாசுதேவநல்லூரிலும், அன்றைக்குப் பிறந்த பெண் சென்னையிலும், நான் திருநெல்வேலியிலும் இருக்கிறோம். மைமூன் பெரியம்மா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. பக்கத்தில் வெடி வெடித்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் கோழியை விடவில்லை, கடையில் வாங்கிய இரும்பு வலைக்கூட்டில் கொஞ்சம் வைத்திருக்கிறாள். தெருநாய்கள்தான் இப்போது எதிரி.

போன மாதம் போயிருந்தபோது புறவாசலில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. கோழிகள் தரையைக் கீறுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"ஆமாட்டி, இப்பம் எல்லாம் நல்லாக் கேக்கு. அங்கன கொய்யா எல விழுந்தாக்கூட எனக்குக் கேக்கு. ஓடி வாரதுக்குத்தான் ஆளக் காணும்" என்றாள் அம்மா, வருத்தமே இல்லாதவள் மாதிரி, கோழிக்கு அரிசியை இறைத்துக்கொண்டே.

"ஏன், நான் வர மாட்டேனா? ஒரு போன் போடும்மா."

"நீ திருநவேலியில இருந்து பஸ் புடிச்சு வாரதுக்குள்ள நாய் தின்னு முடிச்சு, வாயத் தொடச்சிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்சுப் போயிருக்கும்!"

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சாயங்கால பஸ்ஸுக்கென்று வாசலில் எடுத்து வைத்திருந்த பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.